பதினொரு கிரகங்களின் குமாஸ்தா

செவ்வாயிலோ சனியிலோ என்றைக்காவது ஒருநாள் மனிதனை மனிதன் கைது செய்தால், அவனை ஜாமீனில் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறார். அவர் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. பிளஸ் டூவுக்கு மேல் படிக்கவும் இல்லை. ஆனால் வானத்தில் நடக்கிற குற்றங்களுக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டும், எந்தப் பிரிவில் தப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏனென்றால் அந்தச் சட்டங்களை எழுதியவரே அவர்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். கோர்ட் வளாகத்தில் டீக்கடைக்காரர் முதல் டவாலி வரை எல்லோருக்கும் அவர் 'கிரகம்'. எங்கள் சீனியர் அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அது பெயரா, தலையில் அடித்துக்கொள்கிற சத்தமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நான் சட்டம் படித்துவிட்டு ஜூனியராகச் சேர்ந்த ஆபீஸ், ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடி. கல்யாணப் புடவை வாங்க வந்த குடும்பங்கள் படி தவறி மேலே ஏறி, விவாகரத்து வழக்குக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். "முகூர்த்தப் பட்டு இங்கதானே?" என்று மணப்பெண் கேட்க, பெஞ்சில் இருக்கும் அம்மா, "நல்லா யோசிச்சுக்கினு வாங்கும்மா" என்பார்.

அந்த ஆபீஸின் மூலையில், பழைய கேஸ் கட்டுகளின் மேல் காலை நீட்டிக்கொண்டு கிரகம் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான உருவம், மார்பு வரை ஏற்றிப் போட்ட பேண்ட், பையில் நான்கு பேனா. நீலப் பேனாவில் சீனியரின் வழக்குகளைக் குறித்துக்கொள்வார். பச்சைப் பேனா ஆழிமண்டலத்துக்கு. வீட்டிலிருந்து சைக்கிளில்தான் வருவார், ஆனால் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இருக்கும். கேட்டால், "நான் பாதி நேரம் மேலதான் பார்த்துக்கினு ஓட்டறேன், அதனாலதான்மா" என்பார். அது தப்பில்லாத காரணம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆழிமண்டலம் என்பது பதினொரு கிரகங்கள் சேர்ந்த ஒரு தேசம். அங்கே மக்கள் கப்பலில் கிரகம் விட்டுக் கிரகம் போய் வருவார்கள். அங்கே காதல் உண்டா, போர் உண்டா, ராஜா ராணி உண்டா என்று கிரகத்திடம் கேட்டால், "இருக்கலாம். எனக்கு அது டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்பார். அவர் எழுதியது எல்லாம் அந்த ஊர்க் கிரிமினல் வழக்குகள் மட்டும்தான். அதிலும் யார் குற்றம் செய்தார் என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. குற்றம் சாட்டப்பட்டவருக்காக யார் பேசினார், என்ன பேசினார் என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்.

சட்டச் சிக்கல்கள் ஏராளம். பதினோராவது கிரகத்துக்கு ஒரு சம்மன் போய்ச் சேர நாற்பது வருடம் ஆகும். இருபது வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தவன், அறுபது வயதில் பேரனோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது சம்மன் வரும். "உடைச்சவன் வேற ஆளு, வாங்கறவன் வேற ஆளு இல்லையா? இதுல யாரைம்மா நிறுத்தறது கூண்டுல?" என்று என்னை மடக்குவார்.

டைப்பிஸ்ட் தேவகி அக்கா தலையைத் தூக்காமல், "நம்ம ஊர்ல மட்டும் இன்னா வாழுது? என் மாமனார் பாகப்பிரிவினை கேசு நான் கல்யாணம் ஆகி வர்றதுக்கு முந்தி போட்டது" என்பார்.

இந்தச் சிக்கல்களைக் கிரகம் காகிதத்தில் மட்டும் தீர்க்கமாட்டார். சாப்பாட்டு வேளையில் எங்களை வைத்து விசாரணை நடத்திப் பார்ப்பார். ஒருமுறை மூன்று தலை உள்ள ஒரு ஜீவன், சுங்க அதிகாரியைக் கடித்துவிட்டது. கடித்தது ஒரு தலை. மற்ற இரண்டும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தன. உடம்பைச் சிறையில் போட்டால் தூங்கிய தலைகள் என்ன பாவம் செய்தன? கிரகம் சீனியர் அறையின் ஜன்னல் திரையைக் கழற்றி என்னையும் தேவகி அக்காவையும் சேர்த்துப் போர்த்தினார். மூன்றாவது தலைக்கு ஆள் கிடைக்காததால் இருபது லிட்டர் தண்ணீர் கேனை நடுவில் வைத்து அதையும் போர்த்தினார். கடித்தது கேன்தான் என்று நானும் அக்காவும் உணர்ச்சிகரமாக வாதாடிக்கொண்டிருந்தபோது, தாமலிலிருந்து நிலத்தகராறுக்காக வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தார். "நான் அப்பாலிக்கா வரேன்" என்று சொல்லிவிட்டு, நேராக எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீசுக்கே போய்விட்டார்.

தீர்ப்பு என்னவோ வந்தது. கடித்த தலைக்கு மூன்று வருடம் வெறும் கஞ்சி, மற்ற இரண்டுக்கும் வழக்கமான சாப்பாடு.

"வயிறு ஒண்ணுதானேண்ணா?" என்றார் தேவகி அக்கா.

கிரகம் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கடைசியில் வழக்குக்கு வாய்தா போட்டுவிட்டார்.

இப்படி இருந்தவர் கையில்தான் சல்மாவின் வழக்கு வந்து சேர்ந்தது.

சல்மா பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். கணவர் வெளிநாட்டில், மகள் ஆறாம் வகுப்பில். ஒருநாள் காலை ஒரு பட்டுக்கடையின் மேனேஜர் மூன்று கல்யாணப் புடவைகளை வாடிக்கையாளர் வீட்டில் கொடுப்பதற்காக அவருடைய ஆட்டோவில் ஏறியிருக்கிறார். பட்டு என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக, கடைப் பெயர் போட்ட பையில் வைக்காமல் சாதாரண நீலத் துணிப்பையில் வைத்திருக்கிறார். போன் பேசிக்கொண்டே இறங்கியவர், பையை எடுக்க மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆட்டோ போயே போய்விட்டது. பையை சீட்டில் வைத்ததாகவும், டிரைவர் வேண்டுமென்றே வண்டியை விரட்டியதாகவும் புகார். தெருமுனையில் ஒரு கேமரா இருந்தது. ஆனால் அதற்கு நேர் எதிரே யாரோ காதுகுத்து பேனர் கட்டியிருந்ததால், அதில் பதிவானது ஒரு குழந்தையின் சிரித்த முகம் மட்டுமே. சல்மா கைதானார். ஆட்டோவும் ஸ்டேஷனுக்குப் போனது. பை கிடைக்கவில்லை.

ஜாமீன் மனுவை கிரகம்தான் தயார் செய்தார். நீலப் பேனா வேலையும் பச்சைப் பேனா வேலையும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததுதான் வினை. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா மனுவைப் புரட்டினார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"மனுதாரர் இந்தக் கிரகத்தை விட்டு வெளியேறமாட்டார் என்றும், தமது விண்கலத்தை நீதிமன்றத்தில் ஒப்படைப்பார் என்றும் உறுதியளிக்கிறார்."

சீனியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"விண்கலம்னா எது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆட்டோ, மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அது ஏற்கெனவே போலீஸ் வசம் இருக்கு. அப்ப அந்த நிபந்தனை நிறைவேறிடுச்சு. கிரகத்தை விட்டுப் போகாம இருந்தா சரி. ஜாமீன்."

ஜாமீன் கிடைத்ததற்கு யாரும் சந்தோஷப்படவில்லை. சீனியர் ஆபீசுக்கு வந்ததும் கிரகத்தின் முன்னால் மனுவைப் போட்டார். "யோவ் கிரகம், முப்பது வருஷ பிராக்டிஸ் எனக்கு. இன்னைக்கு பார் ரூம்ல என்னைப் பார்த்து 'விண்கலம் எங்க சார் பார்க் பண்ணீங்க'ன்னு கேக்கறானுங்க. இதான் கடைசி. இன்னொரு தடவை உன் மண்டலம் என் ஃபைலுக்குள்ள வந்துச்சுன்னா, நீ அங்கியே போய் வேலை தேடிக்கோ."

கிரகம் தலையாட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அன்று பச்சைப் பேனா பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆட்டோவைக் கோர்ட் மூலமாக மீட்டுக் கொடுத்தோம். வழக்கு விசாரணைக்கு வர இருந்த சமயம் சல்மா ஆபீசுக்கு வந்தார். சீனியர் கெட்டவர் இல்லை, நடைமுறை தெரிந்தவர். "இது உனக்கு முதல் கேசும்மா. ஒத்துக்கிட்டேன்னா எச்சரிச்சு விட்ருவாங்க. சண்டை போட்டா வருஷக்கணக்கா வாய்தாவுக்கு வரணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சவாரி போயிடும். யோசி."

சல்மா துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சார், எடுக்காததை எடுத்தேன்னு சொன்னா விட்டுடுவாங்க. சரி. ஆனா சவாரி ஏறுறவங்க இப்பவே பையை மார்போட அணைச்சுக்கினுதான் உக்கார்றாங்க. நேத்து ஒரு சின்ன பொண்ணு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து உள்ள வெச்சுக்கிச்சு. அதுக்கு இன்னா சார் பண்றது?"

மூலையிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது.

"சார், கோச்சுக்காதீங்க. எங்க சட்டத்துல அப்படி ஒத்துக்க முடியாது."

"எந்தச் சட்டத்துலய்யா?"

"ஆழிமண்டலத்துல. 'அன்றைய நாள்' சட்டம்னு ஒண்ணு இருக்குது. குற்றம் நடந்த நாளை, வக்கீல் அதே நேரத்துல, அதே வழியில, அதே கும்பலோட ஒரு தடவை வாழ்ந்து பாக்கணும். அதுக்கு முந்தி அந்த ஆளு வாயைத் திறந்து ஒத்துக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது."

சல்மா என் பக்கம் குனிந்து, "இந்த அண்ணா எந்த ஊரு கோர்ட்டைச் சொல்றாரு? திருமுக்கூடல் பக்கமா?" என்றார்.

சீனியர் எழுந்து நின்றேவிட்டார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் சல்மா முந்திக்கொண்டு, "செஞ்சு பாக்கலாம் சார். ஒரு காலைதானே? நான் சவாரிக்குப் போகலை" என்றார். கட்சிக்காரரே கேட்கிறார். சீனியர் மறுபடியும் உட்கார்ந்தார். "ஒரு காலை. அதுக்கப்புறம் இவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். கிரகத்தை அவர் பார்க்கவில்லை.

கிரகம் அன்றைக்கே சல்மாவை உட்கார வைத்து, அந்தக் காலைச் சவாரியில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று படம் போட்டார். பின் சீட்டில் மூன்று பேர். நடுவில் மேனேஜர், மடியில் அடுக்கு கேரியர், கையில் போன். அவருக்கு இடப்பக்கம் ஒரு பெண். வலப்பக்கம் கீரைக் கூடையோடு ஒரு அம்மா. டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒருவர். எந்தப் பாட்டு ஓடியது என்பது வரை எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கூடினோம். நான்தான் மேனேஜர். என் மடியில் தேவகி அக்காவின் கேரியர், உள்ளே உண்மையாகவே சாம்பார் சாதம். அக்கா இடப்பக்கம். முன்னால் டவாலி ஒருவர், டியூட்டிக்குப் போகும் முன் வந்திருந்தார், மார்பில் குறுக்குப் பட்டையோடு. மூன்று பழைய போர்வைகளை நீலப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் கிரகம், புடவைகளின் எடைக்கு.

"ஒரு ஆளு குறையுது" என்றார் கிரகம், படத்தைப் பார்த்தபடி. "கீரைக்காரம்மா."

எல்லோரும் மெதுவாகத் திரும்பி, வேடிக்கை பார்க்க வந்திருந்த சீனியரைப் பார்த்தோம்.

"முடியாது" என்றார் சீனியர்.

இரண்டு நிமிடத்தில் அவர் எனக்கு வலப்பக்கம், முழங்கால் தாடையில் இடிக்க, மடியில் பாதியும் காலடியில் பாதியுமாக ஒரு கூடை முருங்கைக்கீரையோடு உட்கார்ந்திருந்தார். "இதை வெளிய யாராவது சொன்னீங்க..." என்று ஆரம்பித்தார். சல்மா பாட்டைப் போட்டுவிட்டார். மீதி கேட்கவில்லை.

கிரகம் ஆட்டோவில் ஏறவில்லை. "நான் வெளியிலேர்ந்து பாக்கணும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னால் வந்தார்.

வண்டி கிளம்பியதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரு கையில் போன். மடியில் கேரியர். காலடியில் சீனியரின் கீரை. இடப்பக்கம் அக்கா, இம்மிகூட நகர முடியாது. பையை சீட்டில் வைத்தேன் என்று மேனேஜர் சொன்னாரே, எந்த சீட்டில்? வைக்க இடமே இல்லை. என் கை தானாகவே மேலே போய், தலைக்குப் பின்னால், சீட்டுக்கும் பின்பக்க ரெக்சின் திரைக்கும் நடுவில் இருக்கும் மேடையில் பையை வைத்தது. யாரும் அங்கேதான் வைப்பார்கள்.

இரண்டு தெரு தாண்டினோம். ஒரு சந்து திருப்பத்தில், யாரிடமும் சொல்லாமல் முளைத்தது மாதிரி உயரமான வேகத்தடை. ஆட்டோ ஏறி இறங்கியது. சீனியரின் முகத்தில் கீரை. பாட்டு உச்சத்தில் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் சும்மா பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். பை இல்லை. ரெக்சின் திரையின் கீழ்த் தையல் ஒரு முழம் பிரிந்து, வெளியே தெரு தெரிந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

இறங்கிப் பார்த்தால், வேகத்தடைக்கு அந்தப் பக்கம் நீலப் பை. பையின் மேல் சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில் கிரகம் ஹெல்மெட்டோடு மல்லாந்து கிடந்தார். அதிசயமாக அன்றைக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். ஆனால் பை நேராக முன் சக்கரத்துக்குள் விழுந்தால் என்ன செய்ய முடியும்?

எதிரே ஒரு பஞ்சர் கடை. அதை நடத்துகிற பங்காரம்மா கையில் டயர் லீவரோடு ஓடிவந்தார். தெலுங்கு வீட்டம்மா, கணீரென்ற குரல். கிரகத்தைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டே அவர் சொன்ன வாக்கியத்தை நான் என் ஆயுள் முழுக்க மறக்கமாட்டேன்.

"அய்யோ ராமா! போன தடவை பை மட்டும்தான் விழுந்துச்சு. இந்தத் தடவை ஆளும் சேர்ந்தா?"

கிரகம் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"போன தடவைன்னா இன்னாம்மா?"

"இதே மாதிரி பைதான். ஒரு ரெண்டு மாசம் இருக்கும். ஓய் ஆட்டோன்னு கத்தினேன், பாட்டுச் சத்தத்துல நிக்காமப் போயிடுச்சு. யாராச்சும் தேடி வருவாங்கன்னு மாட்டி வெச்சிருக்கிறேன்."

கடைக்குள்ளே, பழைய டியூப்களுக்கும் ஒரு உடைந்த ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஆணியில் தொங்கியது நீலப் பை. மூன்று கல்யாணப் பட்டு, இரண்டு மாதமாக கிரீஸ் வாசனையில்.

சல்மா ஓடிப்போய் அதைத் தொடப் போனார். "தொடாதே!" என்று ஒரு குரல். சீனியர். தலையில் முருங்கையிலை, கையில் கூடை, ஆனால் குரல் முழு வக்கீல். "யாரும் தொடக் கூடாது. போலீஸ் வந்து சாட்சி முன்னாடி எடுக்கணும். ஜூனியர், போன் போடும்மா." அப்புறம் கிரகத்தின் பக்கம் திரும்பி, "அடிகிடி பட்டுச்சாய்யா?" என்றார்.

முழங்கை சிராய்ப்பு தவிர ஒன்றுமில்லை. கிரகம் பங்காரம்மா கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டே, "கோர்வை சேர்ந்துடுச்சு சார்" என்றார். பட்டு நெய்கிற ஊர்க்காரர். கரையும் உடலும் இழை பிசகாமல் ஒட்டினால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. மேனேஜர், "இவங்களே அந்தக் கடையில குடுத்து ஒளிச்சு வெச்சிருப்பாங்க, மாட்டிக்குவோம்னு இப்ப நாடகம் ஆடறாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு அவர் பக்கத்திலிருந்தே ஒரு தூது வந்தது: பொருள்தான் கிடைத்துவிட்டதே, சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். சீனியர் சல்மாவைப் பார்த்தார்.

"சமாதானம்னா நான் எடுத்துட்டு திருப்பிக் குடுத்தேன்னுதான் பேசுவாங்க சார். வேணாம். வாய்தாவுக்கு வரேன்" என்றார் சல்மா.

விசாரணை அன்றைக்கு, மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்ய எழ வேண்டிய சீனியர் என்னைத் தள்ளினார். "நான் அந்த ஆட்டோல கீரைக்காரம்மாவா வந்தவன். சாட்சி மாதிரி ஆயிட்டேன். நீயே கேளு." நானும்தான் அந்த ஆட்டோவில் இருந்தேன், அதனால் அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கு அதுதான் முதல் குறுக்கு விசாரணை. காகிதம் பிடித்த கை, காற்றில் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து கிரகம் மேஜையைத் தட்டினார். "அம்மா, முதல்ல அந்த ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கச் சொல்லு. தாகத்துல சொல்ற பதில் செல்லாது."

"எந்தச் சட்டம்ணா அது?"

"கேக்காத. குடு."

மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு தண்ணீர் கொடுத்தோம். கூண்டில் சண்டைக்குத் தயாராக நின்றிருந்த மேனேஜர் குழம்பிப்போனார். முழுசாகக் குடித்தார். பாவம், உண்மையிலேயே தாகம்தான் போல. முகம் இளகிவிட்டது.

"ஆட்டோல எத்தனை பேர் இருந்தீங்க?" என்றேன்.

"அஞ்சு பேரு, டிரைவரோட."

"நீங்க எங்க உக்காந்தீங்க?"

"பின்னாடி, நடுவுல."

"மடியில?"

"டிபன் கேரியர்."

"கையில?"

"போன். பார்ட்டி பேசிக்கினே இருந்தாங்க."

"காலடியில?"

"அங்க எங்க இடம்? ஒரு அம்மா கீரைக்கூடையை வெச்சு நசுக்கிட்டாங்களே."

எங்கள் பெஞ்சில் சீனியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்ப பையை எங்க வெச்சீங்க?"

"சீட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண் மேலே போனது. வலது கை, அவர் சொல்லாமலேயே, தூக்கித் தலைக்குப் பின்னால் போனது. அந்தரத்தில் அப்படியே நின்றது. கோர்ட் முழுக்க அந்தக் கையையே பார்த்தது.

"பின்னாடிங்க" என்றார் மேனேஜர், ரொம்ப மெதுவாக. "தலைக்குப் பின்னாடி வெச்சேன்."

நல்ல மனிதர். பொய்யர் இல்லை. பதறிப்போனவர், அவ்வளவுதான்.

அடுத்து பங்காரம்மா. அரசுத் தரப்பு வக்கீல், "ரெண்டு மாசம் பையை வெச்சிருந்தீங்களே, ஒரு தடவை கூடத் திறந்து பார்க்கலையா?" என்று மடக்கினார்.

"அடுத்தவங்க பையை எப்படிங்க தொறக்கறது?"

"ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா 'இது உனக்கு எப்படி வந்துச்சு'ன்னு என்னியக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேப்பாங்கன்னு பயந்தேங்க." சுற்றுமுற்றும் பார்த்தார். "குடுக்காமயே ஏத்திட்டீங்க."

மாஜிஸ்திரேட் ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

இரண்டு வாய்தா கழித்துத் தீர்ப்பு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. சல்மா வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றார். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "முடிஞ்சுதா மேடம்? அவ்ளோதானா?" என்றார். "இது யாருக்குத் தெரியும்? போலீஸ் வந்து இட்டுக்கினு போனதை ஸ்டாண்டே பார்த்துச்சு. இதை நீங்க நாலு பேரு பார்த்தீங்க."

கிரகம் நின்ற இடத்தில் நின்றார். அப்படி ஒரு கேள்வியை அவருடைய பதினொரு கிரகத்திலும் யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பச்சைப் பேனாவை எடுத்தார், உள்ளங்கையில் ஏதோ எழுதினார், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை நான்கு மணிக்கு சல்மாவின் ஆட்டோ மேல் இரண்டு புனல் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு போலீஸ் அனுமதியும் வாங்கியிருந்தார் கிரகம். அனுமதி கேட்டுப் போனபோது, "யாருங்க காலமாயிட்டாங்க?" என்று துக்கமாகக் கேட்டார்களாம். "யாரும் இல்ல சார், ஒருத்தங்க பொழைச்சிருக்காங்க" என்றாராம் கிரகம்.

"குற்றச்சாட்டு எத்தனை பேர் காதுல விழுந்துச்சோ, விடுதலையும் அத்தனை காதுல விழணும். இன்னைக்கு மத்தியானம்தான் சட்டம் போட்டேன்" என்று எனக்கு விளக்கினார். அவர் சல்மாவுக்குப் பக்கத்தில், கையில் மைக். நான் பின் சீட்டில், ஆம்ப்ளிஃபயரைப் பிடித்துக்கொண்டு.

"பெரியோர்களே, தாய்மார்களே! நமது பஸ் ஸ்டாண்டு ஆட்டோ ஓட்டுநர் சல்மா அவர்கள், புடவையை எடுக்கவில்லை! எடுக்கவில்லை! எடுக்கவே இல்லை என்று கனம் கோர்ட்டார் அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்! பை ஆட்டோவிலிருந்து தானாக விழுந்தது! தானாக விழுந்தது!"

பட்டுக்கடை வாசல்களில் ஆட்கள் வெளியே வந்தார்கள். மாடிகளில் தலைகள். பங்காரம்மா கடை முன்னால் வண்டியை நிறுத்தி, அவருடைய நேர்மைக்கும் தனியாக ஒரு அறிவிப்பு கொடுத்தார் கிரகம். பங்காரம்மா வெட்கப்பட்டு டயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஸ்டாண்டில் ஒரு டிரைவர் விசில் அடித்தார். இன்னொருவர் வரிசையில் முதல் இடத்திலிருந்த தன் வண்டியைத் தள்ளிப் பின்னால் நிறுத்தி, சல்மாவுக்கு இடம் விட்டார். சல்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார், சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு.

அனுமதி நேரம் முடிய இருந்தது. கிரகம் மைக்கை மடியில் வைத்துவிட்டார். வண்டி ஆபீஸ் தெருவுக்குள் திரும்பியது. பின்னால் இருக்கிற எனக்குக் கேட்காது என்று நினைத்து, சல்மாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"கோர்ட்டுல நம்ம பொண்ணைப் பார்த்தியாம்மா?"

அந்தத் தணிந்த குரல், இரண்டு புனல் வழியாகத் தெரு முழுக்க முழங்கியது.

"கை நடுங்கிக்கினே இருந்துச்சு. ஆனா ஒரு கேள்விகூட நடுங்கலை. நான் முப்பது வருஷமா வக்கீலுங்களைக் கற்பனை பண்ணி எழுதிக்கினு இருக்கிறேன். இப்படி ஒண்ணு எனக்குத் தோணவே இல்லை. சீனியர் சார்கிட்ட நான்தான் சண்டை போட்டேன், அதுதான் கேக்கணும், நீங்க எழுந்திருக்கக் கூடாதுன்னு. அதுகிட்ட சொல்லிடாத."

பட்டுக்கடை வாசலில் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மாடி ஜன்னலில் தேவகி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் சீனியர் நின்றிருந்தார்.

என் மடியில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் விரலை நகர்த்தவே இல்லை.